வலது பக்க மூடி

ஜோச்சிவோன் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கியதுமே மிரான் மூக்கைச் சுளித்தாள். ஊர் முழுக்கப் பீச் பழ வாசனை. ஜூலை மழையில் நனைந்த அட்டைப்பெட்டிகளை முன்னால் வைத்துக்கொண்டு, சாலை ஓரமாகக் குடைகளுக்குக் கீழே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்கிட்டுப் போம்மா, தேனாட்டம் இருக்கும்."

மிரான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்று மாமனாரின் திதி. திதி நாளில் யாராவது பீச் வாங்குவார்களா? அந்தப் பழம் இருக்கும் வீட்டுக்குள் செத்தவர்கள் நுழைய மாட்டார்கள் என்று அந்த ஊரில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரியும். மிரானுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அவள் நம்பியதெல்லாம் ரப்பர் கையுறை, சமையல் சோடா, வினிகர் ஆகியவற்றைத்தான். மூன்றும் பையில் இருந்தன.

அவள் மாமியார் போக்நாம், கெட்டுப்போன எதையோ தின்றுவிட்டு வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இன்று மாலை வீடு திரும்புகிறாள். "வீட்டில் இருக்கும் பழைய சாப்பாட்டையெல்லாம் எடுத்துப் போடுங்கள், இந்த வயதில் இன்னொரு தடவை தாங்காது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து மிரான் காத்திருந்த உத்தரவு அது. காரமான முட்டைக்கோஸ் ஊறுகாயான கிம்ச்சியை வைக்க மாமியார் வைத்திருந்த குளிர்பெட்டியை, அந்தக் கிம்ச்சிப் பெட்டியை, நினைத்தாலே அவளுக்கு உடம்பு அரிக்கும்.

மாடி ஏறும்போது போன் அடித்தது.

"மிரான்." போக்நாமின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. வார்டில் யாரோ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். "இடது பக்கம் என்ன வேணா பண்ணிக்கோ. வலது பக்க மூடியத் தொடாத."

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சா அத்தை?"

"டாக்டர் எங்கூட படுத்து எந்திரிச்சானா? நான் சொல்றத கேளு. அத தொட்டா நான் அந்த வீட்டுல இருக்க முடியாது."

"சரி அத்தை. தூங்குங்க." குழந்தைகளிடம் பேசும் அதே குரலில் சொல்லிவிட்டு, மிரான் போனை வைத்தாள்.

பழைய அடுக்குமாடிக் கட்டிடம். நீளமான நடைபாதையில் வரிசையாகக் கதவுகள், ஈரம் ஊறிய சுவர்கள். கதவைத் திறந்ததும் பூண்டு, பழைய எண்ணெய், மூட்டுவலித் தைலம் எல்லாம் கலந்த நெடி முகத்தில் அடித்தது. காற்றோட்டம் வேண்டும் என்று குடையைக் குறுக்கே செருகிக் கதவைத் திறந்தபடி நிறுத்தினாள். திதி நாளில் செத்தவர் உள்ளே வரட்டும் என்று கதவைத் திறந்து வைப்பது வழக்கம். அதை அவள் அப்போது நினைக்கவில்லை.

முதல் வேலையாகப் படையலுக்கான முள்ளங்கி சூப்பை அடுப்பில் ஏற்றினாள். அரிசி டப்பாவைத் திறந்து உதட்டைப் பிதுக்கினாள். வெள்ளை அரிசி. இந்தக் காலத்தில் யார் வெள்ளை அரிசி தின்கிறார்கள்? அவள் வீட்டில் எப்போதும் கறுப்பரிசி கலந்த சோறுதான். வெந்தால் ஊதா நிறமாக இருக்கும், ரத்தத்துக்கு நல்லது.

பிறகு பின்பக்க பால்கனிக்குப் போனாள்.

கிம்ச்சிப் பெட்டி அங்கே இருந்தது. ஆள் படுக்கும் நீளம், இடுப்பளவு உயரம், மேலே இரண்டு மூடிகள். இடது பக்கம் கிம்ச்சிக்கு. வலது பக்கத்தைப் போக்நாம் ஃப்ரீஸராக வைத்திருந்தாள். சவப்பெட்டிக் கடைக்காரன்கூட இதைவிட அழகாகச் செய்வான் என்று மிரான் நினைத்துக்கொண்டாள்.

இடது மூடிக்குள் குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. அதனால் அதைச் சீக்கிரமே மூடிவிட்டாள்.

வலது மூடி திறக்க மறுத்தது. இரண்டு கையாலும் இழுத்தாள். ரப்பர் விளிம்பு கிழிவது போன்ற சத்தத்தோடு அது திறந்தது.

உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக் பைகள். ஒன்றின் மேல் ஒன்றாக அமுக்கி, ஒன்றிலும் பேர் எழுதாமல், கல்லாக இறுகிப்போய். பக்கச் சுவர்களில் கையளவு தடிமனுக்கு ஐஸ். ஒரு பையைக் கிழித்தாள்: யார் கல்யாணத்துக்கோ வந்த அரிசிப் பணியாரம், ஓரங்கள் மஞ்சளாகியிருந்தன. இன்னொன்று: மிளகாய்த்தூள். இன்னொன்று: தலை மட்டும் இருந்த மீன்.

நாத்தனாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். கும்ஜா அவள் கணவன் சங்துவின் தங்கை. ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணையாக இருந்தாள்.

"கும்ஜா, உங்க அம்மா மீன் தலைய எதுக்குச் சேத்து வச்சிருக்காங்க? உடம்பு எங்க போச்சு?"

"சங்து அண்ணன் தின்னிருப்பான். அவனுக்குத் தலைய கண்டா பயம், அண்ணி."

"இதுல எலும்பு சூப் ஒரு பை. உங்க பையன் பொறந்தப்போ வச்சதுன்னு நினைக்கிறேன்."

"அவன் இப்ப பட்டாளத்துல இருக்கான். லீவுக்கு வந்தா ஊத்திக் குடுங்க, ஓடியே போயிடுவான்." கும்ஜா சிரித்தாள். உடனே குரலைத் தாழ்த்தினாள். "அண்ணி, வலது பக்கமா திறந்திருக்கீங்க? அம்மா கேட்டுக்கிட்டே இருக்கா."

"கிம்ச்சி பக்கம்தான்னு சொல்லு."

பைகள் எல்லாம் குப்பைக்குப் போயின. பெட்டியின் மின்சாரக் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். அகலமான பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீரை உள்ளே வைத்து மூடியைச் சாத்தினாள். ஆவி ஐஸை இளக்கட்டும். கத்தியால் குத்துகிற முட்டாள்களை அவளுக்குத் தெரியும். அவர்கள் வாயு போகும் குழாயையும் சேர்த்துக் குத்திவிட்டு புதுப் பெட்டி வாங்குவார்கள். சிறிது நேரம் கழித்துத் திறந்து, சோறு அள்ளும் மரக்கரண்டியால் சுரண்டினாள். ஐஸ் பாளம் பாளமாக விழுந்தது. பழைய துண்டுகளால் தண்ணீரை ஒற்றிப் பிழிந்தாள்.

உள்ளே ஐஸ் விரிசல் விட்டது.

க்ஹூம்.

மிரான் நிமிர்ந்தாள். வயதான ஆண்கள் அறைக்குள் நுழையும் முன், 'நான் வருகிறேன்' என்று தெரிவிக்கத் தொண்டையைக் கனைப்பார்களே, அந்தச் சத்தம். ஐஸ்தானே, வேறென்ன? அவள் மறுபடி குனிந்தாள்.

அடித்தட்டில், கடைசி ஐஸுக்குக் கீழே, வெள்ளைத் துணி மூட்டை ஒன்று இருந்தது. சிவப்பு நூலால் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தது. வெந்நீர் ஊற்றிப் பிரித்தாள். உள்ளே மூன்று பீச் பழங்கள். அவற்றின் நடுவே ஒரு கரண்டி, சோறு சாப்பிடும் நீளமான பித்தளைக் கரண்டி.

"கிழவிக்கு முத்திடுச்சு" என்று சத்தமாகவே சொன்னாள்.

கரண்டி மட்டும் அழகாக இருந்தது. கைப்பிடியில் தாமரை மொட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவளுக்கு இது எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது? சோடா போட்டுத் தேய்த்து, துணியில் சுற்றி, தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

பழங்கள் பாத்திரம் கழுவும் தொட்டியில் உருகிப் பழுப்புக் கூழாகியிருந்தன. சதை சாப்பாட்டுக் குப்பையில் சேரும், கொட்டை சாதாரணக் குப்பையில் சேரும். இந்த விஷயத்தில் மிரானை யாரும் குறை சொல்லிவிட முடியாது. கொட்டைகளைப் பிதுக்கி எடுத்துத் தனியாகப் போட்டாள். இரண்டு பைகளையும் கீழே கொண்டுபோனாள்.

காவல்காரர் தலையை நீட்டினார். "போக்நாமம்மா மருமகளா? அந்தப் பெட்டியவா காலி பண்ணின? அந்தம்மா விட்டாங்களா?"

"கேட்டாத்தானே விடுறதுக்கு?"

"பீச் வாசனை அடிக்குதே. இன்னிக்கு அவரு திதி இல்ல?" அவர் பையை முகர்ந்தார். "வெளியதானே போடுற. நல்லது."

மேலே வந்தபோது நடைபாதை இருட்டாக இருந்தது. மழை வலுத்திருந்தது.

குடை கீழே விழுந்து கிடந்தது. கதவு மூடியிருந்தது.

காற்று என்று நினைத்துக்கொண்டாள். சங்கேத எண்ணை அழுத்தித் திறந்தாள்.

தைல நெடி போயிருந்தது. அதற்குப் பதிலாகச் சிகரெட் வாடை. மலிவான, ஈரமான, விரலில் ஊறிய வாடை.

அடுப்பருகே போனாள். சூப்பை இறக்கி வைத்துச் சிறிது நேரம்தான் ஆகியிருந்தது. மேலே கொழுப்பு வெள்ளைப் பாளமாக உறைந்திருந்தது. ஜூலை மாதத்தில். பாத்திரத்தைத் தொட்டாள். விரல் ஒட்டிக்கொண்டது.

சுவரில் சாய்த்து வைத்திருந்த மடக்குச் சாப்பாட்டு மேசை கூடத்தின் நடுவில் கிடந்தது. கால்கள் மேலே பார்த்தபடி.

கவிழ்ந்த மேசையை அவள் முன்னால் பார்த்ததில்லை. ஆனால் கேட்டிருக்கிறாள். மாமனாரை அவள் போட்டோவில் மட்டுமே அறிவாள். "சூப் கொஞ்சம் ஆறிப்போனாலும் அப்பா மேசைய அப்படியே தூக்கிக் கவுப்பாரு. அம்மா குனிஞ்சு பொறுக்குவா. எழுந்திரிக்கறதுக்குள்ள இன்னொன்னு விழும்" என்று சங்து ஒருமுறை சொல்லிவிட்டு, ஏதோ வானிலைச் செய்தி சொன்னவன் போலத் தூங்கிப்போனான்.

க்ஹூம்.

பால்கனியிலிருந்து.

பெட்டியின் கம்பி சுவரில் இல்லை. அவள் பிடுங்கிப் போட்ட இடத்திலேயே தரையில் கிடந்தது. திறந்து வைத்திருந்த வலது மூடி சாத்தியிருந்தது.

திறந்தாள்.

துடைத்துக் காயவைத்த சுவரெல்லாம் வெள்ளைப் படலம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வளர்ந்தது.

உள்ளே யாரும் இல்லை.

உள்ளே யாரோ மூச்சு விட்டார்கள்.

மிரான் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. தெருமுனையில், குடைக்குக் கீழே, காலையில் அவளைக் கூப்பிட்ட அதே பெண் உட்கார்ந்திருந்தாள்.

"பீச். குடுங்க. சீக்கிரம்."

"காலையில என்னமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போன!" அவள் நிதானமாகப் பை எடுத்தாள். "கெட்டியா வேணுமா, கனிஞ்சதா?"

"எதுவானாலும் குடுங்கம்மா!"

கை நிறையப் பழங்களைப் பெட்டிக்குள் கொட்டி, மூடியை அறைந்து சாத்தி, கம்பியைச் செருகினாள். மோட்டார் உறுமியது. கனைப்பு நின்றது. சிகரெட் வாடை மெல்ல மெல்ல விலகியது. மிரான் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு எழுந்து மேசையை நிமிர்த்தி, சூப்பை மறுபடி சுடவைத்து, கூடத்தைத் துடைத்தாள். தன்னைப் பற்றி அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மாலையில் கும்ஜாவின் தோளைப் பிடித்துக்கொண்டு போக்நாம் வந்தாள். ஒரு பிடி எலும்பாகச் சுருங்கியிருந்தாள். வாசலிலேயே நின்று மோந்து பார்த்தாள். செருப்பைக் கழற்றாமல் நேராகப் பால்கனிக்குப் போனாள்.

"வலது பக்கத்தத் தொட்டிருக்க."

"சுத்தம் பண்ணேன் அத்தை. பழைய பழத்த எடுத்துட்டுப் புதுசு வச்சிருக்கேன்." மிரான் பெட்டியின் மூடியைத் தட்டிக்காட்டினாள். "ஒண்ணும் ஆகல."

போக்நாம் அவள் முகத்தையே பார்த்தாள்.

"முதல்ல கனைப்பு கேட்டுச்சா, முதல்ல பழம் வச்சியா?"

மிரான் கையிலிருந்த துணியை மறுபடி பிழிந்தாள்.

"வாயத் திற. எது முதல்ல?"

"கனைப்பு."

"எங்கருந்து?"

மிரான் பெட்டியைக் காட்டினாள்.

கிழவி மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "பீச் பழம் அவன உள்ள விடாது. உள்ள வந்துட்டா வெளியவும் விடாது. நீ அவனக் கூப்பிட்டு உக்கார வச்சு, வெளியத் தாழ்ப்பாளும் போட்டிருக்க. படிச்ச பிள்ள!"

"யார அம்மா சொல்ற?" என்றாள் கும்ஜா. அவள் முகம் வெளுத்திருந்தது.

"உங்கப்பனத்தான். வேற எவன் வருவான்?"

"ஆனா வருஷா வருஷம் திதி குடுக்கறமே! மேச நிறைய வைக்கறமே! கதவத் திறந்து வைக்கற!"

"வச்சேன். ஊரே மெச்சுச்சு. அடியில பழத்தையும் வச்சேன். வாசல்ல நின்னு மோந்து பாத்துட்டுப் போகட்டும்னு." போக்நாம் சுவரைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அந்தாளு போனதுலருந்து என் கையால ஒரு பருக்க அவன் தின்னதில்ல."

"நான் ஒவ்வொரு தடவையும் அழுதுகிட்டே கும்பிட்டேனே அம்மா!"

"பாத்தேன். சிரிப்ப அடக்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிரும்."

கும்ஜா அம்மாவின் கையைப் பிடித்தாள். "இங்க இருக்காத. என் வீட்டுக்கு வந்துரு."

"அவனுக்குப் பயந்துகிட்டு ஒரு வீட்டுல பாதி ஆயுசு இருந்துட்டேன். மீதிய உன் வீட்டுல இருக்கணுமா?" போக்நாம் மருமகள் பக்கம் திரும்பினாள். "பழத்தோட கட்டி வச்ச கரண்டி எங்க?"

மிரானின் கை தன்னிச்சையாகக் கைப்பையின் மேல் போனது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால், திருடினாள் என்று கும்ஜா ஜென்மத்துக்கும் சொல்லிக்காட்டுவாள்.

"குப்பையில போட்டுட்டேன் அத்தை."

"நிசமாவா?"

"வண்டி வந்து எடுத்துட்டுப் போயிருச்சு."

கிழவி பெட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, மிரான் அதுவரை பார்த்திராத ஒரு சிரிப்பு அவள் முகத்தில் வந்தது. பல் தெரியாத, உதட்டோரம் மட்டும் கோணுகிற சிரிப்பு.

"அப்ப நல்லதாப் போச்சு. அந்தக் கரண்டி இல்லாம அவன் சோத்தத் தொட மாட்டான். தொரை. இனி கையால அள்ளித் தின்னட்டும்."

சங்து வேலை முடிந்து, படையலுக்கு அரிசி மதுப் பாட்டிலோடு வந்தபோது மேசை பால்கனியில், கிம்ச்சிப் பெட்டிக்கு எதிரே போடப்பட்டிருந்தது.

"ஏம்மா இங்க?"

"உங்கப்பாவுக்கு வெக்கை ஆகாது. கும்பிடு."

சங்து இரண்டு முறை நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டான். எதையும் கேட்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. கும்ஜா இந்த முறை அழவில்லை.

படையல் முடிந்ததும் போக்நாம் எழுந்தாள். ஆவி பறக்கும் சூப்புக் கிண்ணத்தையும் வெள்ளைச் சோற்றுக் கிண்ணத்தையும் எடுத்தாள். கும்ஜா மூடியைத் தூக்கினாள். மேலே இருந்த ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் கிண்ணங்களை வைத்தாள் கிழவி.

"ஆறிப்போச்சுன்னு கவுப்பியே. இந்தா. நல்லா ஆறட்டும்."

மூடியைச் சாத்தி அதன் மேலேயே ஏறி உட்கார்ந்தாள். பழத்தைச் சட்டைக் கையில் தேய்த்துக் கடித்தாள். சாறு மணிக்கட்டு வரை வழிந்தது.

அவளுக்குக் கீழே ஏதோ முட்டியது. ஒருமுறை. இன்னொருமுறை.

"முட்டு" என்றாள் போக்நாம், வாய் நிறையப் பழத்தோடு. "இடுப்புக்கு இதமா இருக்கு."

மறுநாளே மிரான் புந்தாங்கில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். தானாகவே பனி உருகும் புது ஃப்ரிட்ஜ், வெள்ளை அலமாரிகள், எல்லா டப்பாவிலும் பேர் எழுதிய சீட்டு. பித்தளைக் கரண்டியை மெருகேற்றி, விருந்தினருக்கான இழுப்பறையில், தனியாக ஒரு வெல்வெட் துணியில் வைத்தாள். அந்தப் பகலை அவள் மெதுவாக மறந்தாள். மழை, களைப்பு, ஒரு கிழவியின் வன்மம். அவ்வளவுதான்.

முதல் பனி விழுந்த அன்று, இரவு உணவுக்கு அரிசி வைத்துவிட்டு மாமியாருக்குப் போன் செய்தாள். ஊரே குளிர்காலக் கிம்ச்சி போடும் சமயம். போகாமல் இருக்க ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது.

"வர வேணாம்" என்றாள் போக்நாம். குரலில் தெம்பு ஏறியிருந்தது. "கும்ஜா வந்து போட்டுக் குடுத்துட்டா. நான் நல்லா இருக்கேன். நல்லா தின்றேன்."

"அந்த வலது பக்கம்?"

"பழையபடி ஐஸ் கட்டிக்கிச்சு. சுரண்ட மாட்டேன். எவ்வளவு கட்டுதோ கட்டட்டும். கிண்ணத்துல வைக்கிறத நாய் நக்கின மாதிரி வழிச்சு வைக்கிறான்." கிழவி சிரித்தாள். "கிண்ணத்த உடைக்கிறவன்!"

போனில் ஒரு சத்தம் கேட்டது.

டக். டக். டக்.

"என்ன சத்தம் அத்தை?"

"அவன்தான். கொஞ்ச நாளா கிண்ணத்தத் தட்டுறான். இன்னும் கொண்டான்னு அர்த்தம். தட்டட்டும்." கிழவியின் குரல் சற்றுத் தயங்கியது. "எத வச்சுத் தட்டுறான்னுதான் புரியல. பித்தள சத்தமா இருக்கு. நான்தான் கரண்டியே குடுக்கலையே."

மிரான் போனை மேசையில் வைத்தாள். அணைக்கக்கூட இல்லை. சங்து இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. வீட்டில் அவள் மட்டும்தான்.

சமையலறையில் சோற்றுக் குக்கரின் மூடி திறந்திருந்தது. அவள் இன்னும் திறக்கவே இல்லை. ஊதாச் சோற்றின் நடுவில் ஒரு குழி. ஆவி மேலே போகாமல், தரையை நோக்கிக் கனமாக இறங்கிக்கொண்டிருந்தது.

விருந்தினர் இழுப்பறையை இழுத்தாள்.

கரண்டி வெல்வெட் துணியின் மேல், அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. தாமரை மொட்டு வரை வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. கரண்டியின் குழிவில் ஒரே ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

ஊதா நிறப் பருக்கை.

தொட்டாள். இன்னும் சூடாக இருந்தது.